யானைக்கொட்டிலிலிருந்து ஹாலிவுட்டுக்கு!

காட்டில் ஓநாய்களோடு வளரும் மௌக்லியை உங்களுக்குத் தெரியும்தானே? 2016ஆம் ஆண்டு வந்த 'ஜங்கிள் புக்' படத்தை உங்களில் பலர் பார்த்து ரசித்திருப்பீர்கள். அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்பே, 1942இல், ஹாலிவுட்டில் மௌக்லியின் கதை படமாகிவிட்டது. அதில் மௌக்லியாக நடித்தவர் யார் தெரியுமா? நம் நாட்டைச் சேர்ந்த ஒரு யானைப் பாகனின் மகன்! அவர் பெயர் சாபு. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

1924 ஜனவரி 27 அன்று, அப்போதைய மைசூர் சமஸ்தானத்தில் உள்ள காரப்பூர் என்ற ஊரில் பிறந்தான் சாபு. கபினி ஆற்றை ஒட்டிய அடர்ந்த காட்டுப் பகுதி அது. அந்தக் காலத்தில் அந்தக் காட்டில் யானைகளைக் கூட்டமாக விரட்டி வந்து, பெரிய மரத்தடுப்புக்குள் அடைத்துப் பிடித்து, பிறகு பழக்குவார்கள். சாபுவின் அப்பா மைசூர் மகாராஜாவின் யானைகளைக் கவனிக்கும் பாகன்.

சாபு கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் அப்பாவும் காலமானார். அம்மா, அப்பா இருவரும் இல்லாத அந்தச் சிறுவனுக்கு, மகாராஜாவின் யானைக்கொட்டில்தான் வீடானது. நீங்கள் பொம்மைகளோடு விளையாடும் வயதில், அவன் யானைகளோடு விளையாடினான். யானை எப்போது கோபப்படும், எப்போது அன்பு காட்டும், எந்தச் சொல்லுக்குக் கட்டுப்படும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

1935இல் லண்டனிலிருந்து ஒரு சினிமாக் குழு மைசூருக்கு வந்தது. அலெக்சாண்டர் கோர்டா என்பவர்தான் தயாரிப்பாளர். இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி. ருட்யார்ட் கிப்ளிங் எழுதிய ஒரு யானைக் கதையை அவர்கள் படமாக்க வந்திருந்தார்கள். தூமாய் என்ற சிறுவனும், காலா நாக் என்ற பெரிய யானையும்தான் கதையின் நாயகர்கள். யானையைக் கண்டு பயப்படாத ஒரு சிறுவன் வேண்டும். எங்கே போய்த் தேடுவது?

யானைக்கொட்டிலுக்கு வந்த ஒளிப்பதிவாளர் போராடெய்ல் கண்ணில் பட்டான் சாபு. அப்போது அவனுக்கு வயது 11. நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் யானையின் தும்பிக்கையில் கால் வைத்து, சர்ரென்று மேலே ஏறி உட்கார அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! தேடிவந்த தூமாய் கிடைத்துவிட்டான்.

மைசூர்க் காடுகளில் படப்பிடிப்பு நடந்தது. மீதிக் காட்சிகளை லண்டனுக்கு அருகே டென்ஹாம் ஸ்டூடியோவில் எடுக்க முடிவானது. சாபு தன் அண்ணனோடு கப்பலேறினான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெரியாத நாடு, புரியாத மொழி, நடுங்க வைக்கும் குளிர். பழகிய யானைகளும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் அந்தச் சிறுவன் கலங்கவில்லை. இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போனான். ஆங்கிலம் கற்றுக்கொண்டான்.

1937இல் 'எலிஃபென்ட் பாய்' வெளியானது. வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசையும் அது வென்றது. தலைப்பாகையும் பளீர்ச் சிரிப்புமாக யானை மேல் வந்த சாபுவை எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஒரே படத்தில் உலகப் புகழ்!

சில ஆண்டுகள் கழித்து வந்தது 'தீஃப் ஆஃப் பாக்தாத்'. பறக்கும் கம்பளம், பாட்டிலுக்குள் இருந்து வெளியே வரும் பிரம்மாண்டமான பூதம் என்று மாயாஜாலம் நிறைந்த படம். அபு என்ற குட்டித் திருடனாக சாபு நடித்தார். பூதமாக வந்தவர் ரெக்ஸ் இங்கிராம் என்ற கறுப்பின நடிகர். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எல்லாம் இல்லாத காலம் அது. அப்படியானால் பூதத்தை எப்படிப் பெரிதாகக் காட்டினார்கள்? நடிகரை நீலத் திரைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். பிறகு நீலத்தை மட்டும் நீக்கிவிட்டு, வேறொரு காட்சியோடு இணைப்பார்கள். இன்று நீங்கள் பார்க்கும் படங்களில் பச்சைத் திரை வைத்துச் செய்கிறார்களே, அதன் முன்னோடி இதுதான்!

இந்தப் படம் இங்கிலாந்தில் தயாராகிக்கொண்டிருந்தபோது, 1939இல் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. மீதிப் படத்தை முடிக்கக் குழுவினர் அமெரிக்கா போனார்கள். சாபுவும் போனார். அப்படித்தான் அவர் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார். 1940இல் வெளியான இந்தப் படம் 3 ஆஸ்கர் விருதுகளைத் தட்டிச் சென்றது.

1942இல் 'ஜங்கிள் புக்' வந்தது. கலிஃபோர்னியாவிலேயே இந்தியக் காட்டைப் போல அரங்கம் அமைத்தார்கள். நிஜ விலங்குகளும் நடித்தன. ஆனால் 'கா' என்ற ராட்சத மலைப்பாம்பு ரப்பர்!

இவ்வளவு புகழ் வந்த பிறகு, வேறு யாராக இருந்தாலும் பங்களாவில் சொகுசாக இருந்திருப்பார்கள். சாபு என்ன செய்தார் தெரியுமா? 1944இல் அமெரிக்கக் குடிமகன் ஆனதும், அந்த நாட்டு விமானப்படையில் சேர்ந்து போருக்குப் போய்விட்டார்! பி-24 என்ற குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரர் வேலை. சில நாள் விமானத்தின் வால் முனையில் உட்கார வேண்டும். சில நாள் விமானத்தின் அடிவயிற்றில் தொங்கும் ஒரு கூண்டுக்குள், உடம்பைக் குறுக்கிக்கொண்டு இருக்க வேண்டும். கீழே பசிபிக் பெருங்கடல். சுற்றிலும் எதிரி விமானங்கள். எப்போது வேண்டுமானாலும் உயிர் போகலாம். பல முறை பறந்து போரிட்ட அவருடைய வீரத்தைப் பாராட்டி, 'டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ்' என்ற பதக்கம் வழங்கினார்கள்.

போர் முடிந்து திரும்பினார் சாபு. 1947இல் 'பிளாக் நார்சிசஸ்' என்ற நல்ல படத்தில் நடித்தார். ஆனால் அதன் பிறகு பெரிய வாய்ப்புகள் குறைந்துபோயின. ஏன்? நடிப்பு மறந்துவிட்டதா? இல்லை. காட்டுச் சிறுவன், அரண்மனைச் சிறுவன், யானைச் சிறுவன் என்றே அவரைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். வளர்ந்த சாபுவுக்கு எந்த வேடம் கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு டாக்டராகவோ, ஆசிரியராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ ஓர் இந்தியரைக் காட்ட அன்றைய ஹாலிவுட் யோசிக்கவே இல்லை. திறமை இருந்தும் கதவு திறக்காதது எவ்வளவு வருத்தமான விஷயம், பாருங்கள்!

சாபு சோர்ந்துவிடவில்லை. லண்டனில் ஒரு சர்க்கஸில் யானைகளோடு வித்தை காட்டினார். சிறு படங்களில் நடித்தார். இந்தியாவில் 'மதர் இந்தியா' படத்தில் நடிக்க ஒரு வாய்ப்பு வந்தது. ஆனால் அமெரிக்கக் குடிமகனாகிவிட்டதால் இங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்கவில்லை. பிறந்த மண்ணில் தயாரான ஒரு படத்தில் கடைசிவரை அவரால் நடிக்க முடியாமலே போனது.

1963 டிசம்பர் 2 அன்று, மாரடைப்பால் சாபு காலமானார். அப்போது அவருக்கு வயது 39தான். அவருடைய கடைசிப் படம் 'எ டைகர் வாக்ஸ்' அடுத்த ஆண்டு வெளியானது. அதில் அவர் செய்த வேடம் என்ன தெரியுமா? ஒரு புலியைப் பார்த்துக்கொள்ளும் இந்தியர்!

குட்டீஸ், சாபுவுக்குப் பணமோ, படிப்போ, பெற்றோரின் துணையோ இருக்கவில்லை. தெரிந்த ஒரு வேலையை பயமில்லாமல், முழு மனதோடு செய்தார். அதுதான் அவரைக் கடல் கடந்து கொண்டு போனது. அடுத்த முறை மௌக்லி படம் பார்க்கும்போது, காரப்பூர் சிறுவனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். சரியா?

சாபு - சில துளிகள்

* தூமாய், மௌக்லி இருவருமே கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' என்ற ஒரே புத்தகத்தில் வருபவர்கள். இரண்டு வேடத்திலும் நடித்தவர் சாபு!

* 'பிளாக் நார்சிசஸ்' படத்தின் கதை இமயமலையில் நடக்கிறது. ஆனால் படக்குழு இமயமலைப் பக்கமே போகவில்லை. இங்கிலாந்து ஸ்டூடியோவில் ஓவியங்களை வைத்தே பனி மலையைக் காட்டிவிட்டார்கள்.

* ஹாலிவுட் நடைபாதையில் புகழ்பெற்றவர்களின் பெயர்களை நட்சத்திரங்களில் பொறித்திருப்பார்கள். அங்கே சாபுவுக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு.

* சாபுவின் மகன் இசைக் கலைஞர் ஆனார். மகள் சினிமாவுக்காகக் குதிரைகளைப் பழக்குபவர் ஆனார். தாத்தா பழக்கியது யானை, பேத்தி பழக்கியது குதிரை!