கலைப்பொருட் காவலர் ஆனந்த குமாரசுவாமி

வைகாசித் திங்களில் ஆழ்வார்திருநகரியில் நிகழும் ஒன்பது கருடசேவையை நம் கல்லூரி மாணவருட் பலர் கண்டிருப்பர். தண்பொருநையின் இருமருங்கிலுமுள்ள ஒன்பது திருப்பதிகளின் பெருமாள்களும் கருடன்மீது எழுந்தருள, நம்மாழ்வார் அன்னவாகனத்தில் வீற்றிருப்பார். அவ்விரவில் அங்குக் கூடும் மக்களுள் ஒருவரேனும் அத்திருமேனிகளின் காலம் யாது, விலை யாது என வினவுவதில்லை. அவ்வூருக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள ஆதிச்சநல்லூரின் கதையோ வேறு. 1876-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து யாகோர் என்பார் அப்பறம்பில் தோண்டியெடுத்த பொருள்கள் ஜெர்மனிக்குச் சென்றன. பின்னர் அலெக்ஸாண்டர் ரீ என்னும் தொல்பொருட்டுறை அறிஞர் கண்டெடுத்த வெண்கலக் கலங்களும் பொற்பட்டங்களும் சென்னைப் பொருட்காட்சிச்சாலையை அடைந்தன. வழிபாட்டிலும் வழக்கத்திலும் உள்ள பொருள் ஒருபுறம். கண்ணாடிப் பேழையில் வைத்த பொருள் மற்றொருபுறம். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, இரண்டையும் நன்குணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதும் உழைத்த தமிழர் ஒருவர் உளர். அவரே ஆனந்த குமாரசுவாமி.

அவர் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி இலங்கைச் சட்டசபையில் வீற்றிருந்த தமிழர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். தாயார் எலிசபெத் அம்மையார் ஆங்கிலநாட்டுப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தந்தையார் இறந்தமையின், மகன் தாய்நாடாகிய இங்கிலாந்திலேயே வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்திற் பூமிநூலும் தாவரநூலும் கற்றுத் தேறினார். கல்லையும் மண்ணையும் ஆராய வேண்டியவர் கலையை ஆராயப் புகுந்தது எங்ஙனம் என்பதே அவர் வாழ்க்கையிற் சுவைமிக்க பகுதியாகும்.

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத்துறைக்கு அவர் தலைவராயிருந்தார். ஊர்தோறும் சுற்றித் திரிந்தகாலை அவர் கண்ணிற்பட்டவை கற்கள் மாத்திரமல்ல. கொல்லரும், தட்டாரும், நெசவாளரும், சித்திரக்காரரும் வேலையின்றி வாடுவதையும், மக்கள் சீமைச்சரக்கை நாடிச் செல்வதையும் அவர் கண்டார். கைத்தொழிலாளரோடு அமர்ந்து, அவர்தம் கருவிகளின் பெயர்களையும் செய்முறைகளையும் கேட்டெழுதினார்; மனைவியாராகிய எதெல் அம்மையார் ஒளிப்படங்கள் எடுத்துதவினார். அவ்வுழைப்பின் பயனாக இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூல் 1908-இல் வெளிவந்தது. அதன் பிரதிகள் 425 மாத்திரமே. வில்லியம் மாரிஸ் என்னும் பெரியார் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிடுவித்தார். கைத்தொழிலைப் புகழும் நூல் கைத்தொழிலாகவே அமையவேண்டும் என்று கருதினார் போலும்!

பின்னர் அவர் இந்தியாவிற் பெரும்பாலும் வடபாகங்களிற் சுற்றினார். 1910-11-இல் அலகாபாத்தில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சியில் கலைப்பகுதியை அமைக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அக்காலத்தில் இராசபுதனத்துச் சித்திரங்களையும் பஞ்சாப் மலைநாட்டுச் சித்திரங்களையும் மதிப்பார் அரியர். மொகலாயச் சித்திரமே சித்திரம் எனக் கருதினர். குமாரசுவாமியோ அவற்றைத் தேடித் தேடித் தொகுத்து, அவற்றின் மரபு தனி மரபு என்பதை நாட்டினார். 1916-இல் வெளிவந்த அவரது இராசபுத்திரச் சித்திர நூலே இத்துறைக்கு அடிக்கல். தென்னாட்டையும் அவர் மறந்தாரல்லர். கூத்தப்பெருமான் திருவுருவின் கருத்தை விளக்கும் அவரது கட்டுரை, சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை என்னும் இதழில் 1912-இல் வந்தது. இன்று உலகமெங்கும் அறிஞர் நடராசர் திருவுருவைக் கண்டு வியப்பதற்கு அக்கட்டுரை பெரியதோர் காரணமாம்.

காசியில் தேசியப் பொருட்காட்சிச்சாலை ஒன்று அமைப்பின், தாம் தொகுத்த செல்வம் முழுவதையும் அதற்கு வழங்க அவர் முன்வந்தார். ஏற்பார் இலர். இச்செய்தியை எழுதுங்கால் நம் கை கூசுகின்றது. அரசரும் செல்வரும் நிரம்பிய இந்நாட்டில் ஒரு கட்டடம் எழுப்ப ஒருவரும் முன்வந்திலர். இதற்கிடையில் முதல் உலகப்போர் மூண்டது. அடிமைப்பட்ட இந்தியாவின் மகன் ஆங்கில அரசிற்காகப் போர்புரிதல் தகாது எனப் படையிற் சேர மறுத்தார். 1917-இல் அவரும் அவர் தொகுத்த பொருள்களும் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்தை அடைய நேர்ந்தது. டென்மன் ராஸ் என்னும் செல்வர் அத்தொகுதியை விலைகொடுத்து வாங்கி, அந்நகரத்துக் கலைக்காட்சிச்சாலைக்கு நன்கொடையாக அளித்தார். அச்சாலை குமாரசுவாமியையே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராக அமர்த்திற்று.

நாட்டின் செல்வத்தை அயலாருக்கு விற்றார் என்று அவர்மேற் குறை கூறுவாரும் உளர். அது முற்றும் பொய்யன்று. ஆயினும் இலவசமாகக் கொடுத்தபோது வேண்டாதவர், விற்றபோது வருந்துதல் முறையாகுமா? அவர் மனத்திலும் இம்முரண்பாடு உறுத்திக்கொண்டே இருந்தது என்பது அவர் பிற்கால எழுத்துக்களாற் புலனாகின்றது.

பாஸ்டனில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். அச்சாலையின் இந்தியப் பொருள்களுக்கு அவர் வகுத்த விளக்க அட்டவணை 1923 முதல் 1930 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒளிப்படத்தையும் கலையெனக் கொண்டு, ஸ்டீக்லிட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக்காரரின் படங்களை 1924-இல் அச்சாலைக்குப் பெற்றுத் தந்தவரும் அவரே. இங்ஙனம் காட்சிச்சாலையின் சம்பளம் பெற்று வாழ்ந்தவர், 1943-இல் அக்காட்சிச்சாலைகளையே வினாவுக்குட்படுத்தி ஒரு நூல் எழுதினார். பேழையிலுள்ள பொருளெல்லாம் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் தம் தேவைக்கெனச் சொல்லிச் செய்வித்தவை; வழிபடவும், உடுக்கவும், உண்ணவும் பயன்பட்டவை; காட்சிக்கெனச் செய்யப்பட்டவை அல்ல என்பது அவர் கொள்கை. உயிரோடிருக்கும் ஓவியரின் படங்களைக் காட்சிச்சாலையில் மாட்டுதல், அவர்தம் சரக்கிற்கு விளம்பரம் செய்தலேயாகும். அது கடைக்காரர் தொழில். காப்பாளரின் கடமை அழியும் நிலையிலுள்ளதைக் காத்தலும், அதன் பொருளை மக்களுக்கு உணர்த்துதலுமே என்றும் அவர் எழுதினார். செல்வர் கொடையால் நடைபெறும் ஒரு நிலையத்தில் அமர்ந்து இதனைச் சொல்லுதற்குத் துணிவு வேண்டும். கலைவிற்பனை பெருவாணிகமாகிவிட்ட இந்நாளில், ஓவியனுக்கும் உணவு வேண்டுமே, அவன் படத்தை மக்கள் எங்குக் காண்பது என்று கேட்டால், அவர் விடை நமக்கு முழு நிறைவு தருவதன்று.

இறுதிக்காலத்தை இமயமலைச் சாரலிற் கழிக்க எண்ணி, இந்தியாவிற்குத் திரும்ப அவர் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-இல் அவருக்கு எழுபது வயது நிரம்பிற்று. இந்தியா விடுதலை பெற்ற இருபத்தைந்தாம் நாள், செப்டம்பர் 9-இல், பாஸ்டனை அடுத்த நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்தே உயிர்நீத்தார். காசிக்கென அவர் எண்ணிய சித்திரங்கள் பாஸ்டனிலேயே இருக்கின்றன. ராஸ், குமாரசுவாமி என்னும் இருவர் பெயரும் அத்தொகுதிக்கு இணைத்து வழங்குகின்றன.