நீர்மட்டத்தின் கீழே நோக்கியவர்

ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுவரெலியாக் குளிரோடைகளிற் கொண்டுவந்து விட்ட ட்றவுட் மீனை நம்மவருட் சிலரேனும் அறிவர். அம்மீனைப் புழுவிட்டுப் பிடிப்பது தூண்டிற்கலை வல்லோர்க்கு உவப்பன்று. முள்ளின்மீது பட்டு நூலாலும் சேவலிறகாலும் பூச்சிபோல் ஒன்றைக் கட்டி, அதனாலேயே மீனை ஏமாற்றல் வேண்டும். இது பொழுதுபோக்காளரின் அற்பக் கலை என்றே நானும் எண்ணியிருந்தேன். ஜோர்ஜ் எட்வேர்ட் மக்கன்சி ஸ்கியூஸ் என்பாரது வாழ்க்கையை அறிந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

1858இல் நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரிற் பிறந்த இவர், இங்கிலாந்தின் வின்செஸ்டர் கல்லூரியிற் பயின்று, இலண்டனில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1883 முதல் வின்செஸ்டரை அடுத்து ஓடும் இச்சின் ஆற்றில், அபட்ஸ் பார்ட்டன் என்னும் பகுதியே அவருக்கு ஓய்வுக்காலப் புகலிடமாயிற்று. சுண்ணாம்புப் பாறையினின்று ஊறிவரும் அவ்வாற்று நீர் பளிங்கு போன்றது. மீனின் அசைவெல்லாம் கரையில் நிற்பவனுக்குத் தெரியும்.

அக்காலத்தில் அத்தகைய ஆறுகளில் ஹல்போர்ட் என்பாரின் சொல்லே வேதம். மிதக்கும் பூச்சிகளைக் கட்டும் முறைபற்றி 1886இல் அவர் நூல் வெளியிட்டிருந்தார். நீரின்மேல் உலர்ந்து மிதக்கும் பொய்ப்பூச்சியையே எறிதல் வேண்டும்; அமிழும் பூச்சியை எறிதல் முறையன்று என்பது அவரைப் பின்பற்றியோர் கொள்கை. ஸ்கியூஸும் முதலில் அந்நெறியிலேயே நின்றார். 1892இல் ஒருநாள் அவரது மிதக்கும் பூச்சி நீரூறி அமிழ்ந்தது. அமிழ்ந்த அதனையே மீன் கவ்விற்று.

மற்றொருவராயின் தற்செயல் என்று விட்டிருப்பார். இவரோ சான்று தேடும் தொழிலினர். பிடித்த மீனின் வயிற்றினுள், எலும்பின் உட்சோற்றைச் சுரண்டியெடுக்கும் நீண்ட கரண்டியைச் செலுத்தி, அகப்பட்டதை வெண்ணிறத் தட்டில் நீர்விட்டுப் பரப்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். சிறகு விரியாத இளம்பூச்சிகள் அங்கே மலிந்து கிடந்தன. நீர்ப்பாசியிடையே வளரும் இவ்விளம்பூச்சி பருவம் வந்ததும் மேலே நீந்தி வரும். நீரின் மேற்பரப்போ இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போன்றது. அதனைக் கிழித்து, பழைய சட்டையையும் கழற்றிச் சிறகு விரிக்குமளவும் பூச்சியாற் பறத்தல் இயலாது. அந்தச் சில கணங்களையே மீன் நோக்கியிருக்கும். நீர் வளையமிடுவதை மட்டும் காண்போர், மீன் மிதக்கும் பூச்சியை உண்கின்றது என மயங்குவர்.

இதற்கேற்ப அவர் புதுவகைப் பூச்சிகளைக் கட்டலானார். உடலுக்கு உரோமம் முறுக்கிய நூல். மார்பிற் சற்றுத் தடிப்பு. கழுத்தில் நீர்பட்டால் துவளும் மெல்லிறகு ஒன்றிரண்டு சுற்று மட்டும். ஹல்போர்ட் வழியினர் விறைத்த சேவலிறகை நெருங்கச் சுற்றியது மிதப்பதற்காக. இன்று நுரைப்பிளாஸ்டிக்குத் துண்டொன்றை மார்பில் வைத்துக் கட்டுவோர் உளர். அதன் மூடிய காற்றறைகளில் நீர் புகாமையால் மார்பு மேலே நிற்க, வாற்பக்கம் நீருள் தொங்கும். சட்டை கழற்றும் பூச்சியின் நிலையும் அதுவே. ஸ்கியூஸ் அப்பொருளைக் கண்டதில்லை. ஆயினும் அந்த இடைநிலையை நோக்கத் தூண்டிற்காரர்க்குக் கற்பித்தவருள் அவர் தலையாயவர்.

1910இலும் 1921இலும் வெளிவந்த அவருடைய நூல்கள் புகழோடு பகையையும் தேடித் தந்தன. ஹல்போர்டைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மிதக்கும் பூச்சியை உண்ணும் மீனைப்பற்றி அவர் கூறியது மெய்யே. ஆசிரியர் கண்ட உண்மையைச் சட்டமாக்கிய மாணாக்கரே பிழை செய்தனர். இது பள்ளிக்கூடங்களிலும் காணாததன்று. 1914இல் ஹல்போர்ட் மறைந்தபின்னும் பூசல் ஓயவில்லை. 1938இல் இலண்டன் தூண்டிற்காரர் கழகத்தில் இளம்பூச்சி முறை நேரியதா என்று விவாதமே நடந்தது. அபட்ஸ் பார்ட்டனில் உடன் மீன்பிடித்தோருக்கும் அவர் முறை பிடிக்கவில்லை. எண்பதாம் வயதில், 56 பருவங்கள் பழகிய அவ்வாற்றை விட்டு அவர் நீங்கினார். அடுத்த ஆண்டே இளம்பூச்சி முறைபற்றித் தனிநூல் வெளியிட்டார். தம் கருத்தில் ஓரெழுத்தும் மாற்றினாரல்லர்.

1949 ஆகஸ்டில் அவர் காலமானார். அவரது அஸ்தி இச்சின் ஆற்றங்கரையில், அபட்ஸ் பார்ட்டனிலேயே தூவப்பட்டது. அங்கே அவர் நினைவாக ஒரு கல்லிருக்கை இடப்பட்டுள்ளது.