மேடையில் வென்றவர் கணக்கில் தோற்றார்: குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிசின் கதை

பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தங்கவயல்காரர்களுக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. வெள்ளைக்காரக் கம்பெனி சுரங்கம் நடத்திய காலத்திலேயே அந்த ஆட்டம் அங்கே வேர் விட்டது. வட ஆற்காட்டில் பண்ணை வேலையை உதறிவிட்டுச் சுரங்கத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் கையுறை மாட்டினார்கள்.

அப்படிப் பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போன ஒரு குடும்பத்தில் பிறந்தவர்தான் ஜோ லூயிஸ். உலக ஹெவிவெயிட் பட்டத்தை 11 ஆண்டு 8 மாதத்துக்கு மேல் வைத்திருந்தவர். 25 முறை அந்தப் பட்டத்தைக் காப்பாற்றினார். ஹெவிவெயிட் பிரிவில் இந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை.

பருத்திக் காட்டில் பிறந்தவர்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில் 1914-ம் ஆண்டு மே 13-ந் தேதி ஜோ பிறந்தார். பெற்றோர் இருவருமே முன்னாள் அடிமைகளின் பிள்ளைகள். யாருடைய நிலத்திலோ பருத்தி பயிரிட்டு, விளைச்சலில் வாரம் அளந்து காலம் தள்ளினார்கள். எட்டுக் குழந்தைகளில் ஜோ ஏழாவது. அவருக்கு 2 வயதானபோது தந்தை மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தாய் லில்லி பின்னர் மறுமணம் செய்துகொண்டார்.

கறுப்பர்களை மிரட்டி வந்த வெள்ளையர் கும்பலுக்கு அஞ்சி, 1926-ல் குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகருக்குப் போனது. அங்கே போர்டு கார் தொழிற்சாலை சோறு போட்டது. ஜோவும் வளர்ந்ததும் அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

மகன் வயலின் கற்றுக்கொள்ளட்டும் என்று தாய் காசு கொடுத்தார். மகனோ அந்தக் காசில் குத்துச்சண்டை கற்றார். தாய்க்குத் தெரியாமல் இருக்க வயலின் பெட்டிக்குள் கையுறையை வைத்துக்கொண்டு போவார் என்று சொல்வார்கள்.

1932-ல் நடந்த முதல் அமெச்சூர் போட்டியில் பல முறை கீழே விழுந்து தோற்றார். மனமுடைந்து மீண்டும் தொழிற்சாலைக்கே போனார். ஆனால் ஆசை விடவில்லை. 1934-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி சிகாகோவில் தொழில்முறை வீரராக மேடை ஏறினார். முதல் ரவுண்டிலேயே எதிரியை வீழ்த்தினார். கிடைத்த கூலி 60 டாலர்கூட இல்லை.

பணம் வரத் தொடங்கியதும் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. பஞ்ச காலத்தில் அரசாங்கம் தன் குடும்பத்துக்குக் கொடுத்த உதவித் தொகையை அப்படியே திருப்பிக் கட்டினார்.

124 விநாடி

அவருக்கு முன் ஹெவிவெயிட் பட்டம் வென்ற கறுப்பர் ஜாக் ஜான்சன் ஒருவரே. அவரை வெள்ளையர்கள் வெறுத்தார்கள். அதனால் ஜோவின் மேனேஜர்கள் கடும் நிபந்தனை போட்டார்கள். விழுந்த எதிரியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்களுடன் படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜோ வாய் திறக்காமல் சண்டை போட்டார்.

1936-ல் ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் 12-வது ரவுண்டில் அவரை நாக்-அவுட் செய்தார். ஹிட்லரின் ஆட்கள் அதைத் தங்கள் இனத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள். மறு ஆண்டு பிராடக்கை வீழ்த்தி ஜோ உலகப் பட்டம் பெற்றார். ஆனாலும் பழைய தோல்வி உறுத்தியது.

1938-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி நியூயார்க்கில் இருவரும் மீண்டும் மோதினார்கள். சுமார் 70 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். 124 விநாடியில் சண்டை முடிந்தது. ஷ்மெலிங் எழவில்லை. கறுப்பர் தெருக்கள் திருவிழாவாயின. அதுவரை அவரைக் கறுப்பனாக மட்டுமே பார்த்த வெள்ளையர்களும் அன்று தங்கள் நாட்டு வீரராக ஏற்றார்கள்.

வரிப் பாக்கி

1942-ல் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்தார். கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து வைத்திருந்த ராணுவம் அது. அந்த ஆண்டு நடந்த இரண்டு பட்டப் போட்டிகளில் கிடைத்த பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார்.

கொடுத்த பணமும் வருமானம்தான் என்றது வரி இலாகா. அதற்கும் வரி கேட்டது. அவருடைய சண்டைகளில் வந்த மொத்தத் தொகை 46 லட்சம் டாலருக்கு மேல். அவர் கைக்கு வந்தது சுமார் 8 லட்சம். மீதியில் பெரும்பகுதி மேனேஜர்களுக்குப் போனது. கைக்கு வந்ததையும் உறவினர், நண்பர், நஷ்டமான வியாபாரம் என்று இறைத்தார். கணக்கை அவர் பார்க்கவே இல்லை. வட்டியும் அபராதமும் சேர்ந்து பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

1949-ல் ஓய்வு பெற்றவர், கடனுக்காக மீண்டும் மேடை ஏறினார். 1951-ல், 37-வது வயதில், இளம் வீரர் ராக்கி மார்சியானோவின் அடியில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். வென்ற மார்சியானோ அழுதார். பிறகு ஜோ மல்யுத்தக் காட்சிகளில்கூட நடித்தார். 1953-ல் இறந்த தாய் விட்டுச் சென்ற சில நூறு டாலரையும் வரி இலாகா எடுத்துக்கொண்டது. கடைசியில் லாஸ் வேகாஸ் ஓட்டல் ஒன்றில், வருகிறவர்களுடன் கைகுலுக்கி வரவேற்கும் வேலை பார்த்தார்.

1981-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, 66-வது வயதில் காலமானார். ஜனாதிபதி ரீகன் விதியைத் தளர்த்தி, ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் அடக்கம் செய்ய அனுமதித்தார். இறுதிச் சடங்குச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவர், பழைய எதிரி ஷ்மெலிங். இருவரும் பல ஆண்டுகளாக நண்பர்களாக இருந்தார்கள்.

உதவித் தொகையைத் திருப்பிக் கட்டிய மனிதரிடம், தானம் கொடுத்த பணத்துக்கும் வரி கேட்டது அரசாங்கம். அந்த அநியாயம் ஒரு பக்கம். சம்பாதித்தவரே தன் கணக்கைப் பார்க்காமல் பிறர் கையில் விட்டது மறுபக்கம். மேடையில் எதிரியின் தோள் அசைவதைக்கூடக் கவனித்த ஜோ லூயிஸ், தன் பணம் போன வழியைக் கவனிக்கவில்லை. மாதச் சம்பளக்காரர்களும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் அது.