கரிவரதனார் தேர்ந்த சிறு எஞ்சின்

கொடுங்கையூரினின்று மாதவரம், செங்குன்றம் வழியே செல்வோர் சோழவரத்தை அடைவர். ஆண்டு இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஆகாய விமானத் தளம் ஒன்று உளது. போர் ஓய்ந்தபின் விமானங்கள் அகன்றன. மோட்டார் வண்டிகள் புகுந்தன. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அதன் ஓடுபாதையிலே நெடுங்காலம் பந்தயங்கள் நடத்தினர். அக்களத்திற் பெயர் பெற்றவருள் கோயமுத்தூர் சுந்தரம் கரிவரதனாரும் ஒருவர்.

1954-இல் பிறந்த இவர் லட்சுமி ஆலைக் குடும்பத்தினர். செல்வர்க்கு வேகம் விலைக்குக் கிடைக்கும் பொருளே. இவரோ வண்டியைச் செலுத்துவதோடு அமையாது, அதனைக் கட்டவும் முற்பட்டார்.

பந்தய வண்டி கட்டப் புகுவோன் முதற்கண் ஆராயவேண்டுவது எந்த எஞ்சின் என்பதே. பேரெஞ்சின் பெருவலி தரும். எடையும் விலையும் உடன் வரும். சிற்றெஞ்சினைத் திருத்தி வலிமை ஏற்றலும் கூடும். ஸிலிண்டர் தலையைச் சீவி அமுக்கத்தை உயர்த்தலாம்; வால்வுகள் திறந்திருக்கும் காலத்தை நீட்டலாம். ஆயின் ஒவ்வொன்றுக்கும் ஈடு கொடுத்தல் வேண்டும். பெட்ரோல் தாங்கும் அளவினை அமுக்கம் மிஞ்சினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். நாளடைவில் பிஸ்டன் உருகித் துளைபடும். வால்வினை மிக நீட்டித் திறப்பின் விரைந்து சுழலுங்கால் வலி மிகும். மெல்லச் சுழலுங்கால் குன்றும். நின்ற நிலையினின்று புறப்பட்டுக் கால் மைல், அதாவது 402 மீட்டர், நேரே ஓடும் பந்தயத்தில் இக்குறை புறப்பட்ட கணத்திலேயே புலனாகிவிடும். பின்னர் எத்துணை விரைந்தும் பயனில்லை.

அந்நாளில் மேனாட்டு எஞ்சினைத் தருவிக்கச் சுங்க வரியே பெருஞ்சுமை. ஓர் உறுப்பு முறிந்தாலும் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருத்தல் வேண்டும். இந்நிலையில் 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதன் எஞ்சின் மூன்று ஸிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. வலிமை 40 குதிரைச்சக்திக்கும் உட்பட்டது. பந்தயத்திற்கு இதுவோ என்று நகைப்பார்க்கு இடம் உண்டு. கரிவரதனார் அதனையே கொண்டார். சவுல் அரசன் அளித்த கவசத்தைக் களைந்து கவணை ஏந்திய தாவீது இவ்விடத்து என் நினைவுக்கு வருகின்றான்.

அத்தெரிவில் நுட்பம் பல உள. மாருதி வண்டியில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாய் இணைந்து, முன்புறம் குறுக்கே கிடந்து, முன் சக்கரங்களை இயக்கும். அவ்விணைப்பை அப்படியே எடுத்துச் செலுத்துவோன் முதுகிற்குப் பின்னே பொருத்தினால், நீண்ட தண்டு ஒன்றும் வேண்டாது பின் சக்கரங்களை இயக்கும். கூரையும் கதவும் பின்னிருக்கையும் இன்றி, எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் ஒருவரே அமரும் வண்டிக்கு அச்சிறு வலியும் மிகையாய்த் தோன்றும். உறுப்புகளோ எவ்வூர்ப் பட்டறையிலும் கிடைப்பன. 1988-இல் இவ்வாறு எழுந்ததே பார்முலா மாருதி.

எல்லாரும் ஒரே வகை எஞ்சினைக் கொண்டமையின் பணம் மிக்கவன் எஞ்சினால் வெல்லுதல் அரிதாயிற்று. தாம் ஆக்கிய வண்டியிலேயே தம்மை முந்துவார் தோன்றவும் இவர் வழி திறந்துவிட்டார். பந்தயத்தில் வெல்லக் கருதும் ஒருவர் இதனைச் செய்தாரே என்பதுதான் எனக்குப் பெருவியப்பு.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுகளம் திறந்தது. சோழவரத்தின் பழம்பெருமை மங்கியது. 1995 ஆகஸ்டில் சிறு விமானம் ஒன்று வீழ்ந்து, நாற்பதைச் சற்றே கடந்த வயதில் கரிவரதனார் உயிர் நீத்தார். அவ்வூரவரான நரேன் கார்த்திகேயன் பார்முலா மாருதியில் ஓட்டிப் பழகியவர். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்திற் புகுந்தார். இந்தியருள் அக்களம் புக்கவர் அவரே முதல்வர். கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்து ஓடுகளம் கரிவரதனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது.