ஜோன் போஸ்டல்

ஜோன் போஸ்டல் (ஆகஸ்ட் 6, 1943 - அக்டோபர் 16, 1998) இணைய நெறிமுறைகளை உருவாக்கியவர்களுள் முக்கியமான அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். கலிபோர்னியாவில் பிறந்த இவர், 1974 இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1969 முதல், ஆர்.எஃப்.சி. எனப்படும் நெறிமுறை ஆவணங்களின் பதிப்பாசிரியரானார். இப்பணியை இறக்கும்வரை தொடர்ந்தார்.

டெல்நெட்

தொலைவிலுள்ள கணினிக்குக் கட்டளையிட உதவும் டெல்நெட் நெறிமுறையின் 1983 ஆம் ஆண்டு வரையறையை ஜாய்ஸ் ரெனால்ட்சுடன் இணைந்து எழுதினார். ரவுட்டர் எனப்படும் திசைவிகளைக் கட்டளைவரி மூலம் நிர்வகிக்க இது பல்லாண்டுகள் பயன்பட்டது. இதன்மூலம் செங்கோட்டையில் இருந்தபடியே சென்னையிலுள்ள திசைவியின் அமைப்பை மாற்ற முடியும். சிஸ்கோ திசைவிகளில் அம்மாற்றம் முதலில் ரேம் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். சேமிக்காவிடில் மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். சேமித்தால் அழியா நினைவகத்தில் பதியும். இயக்குதளம் இருப்பதோ ஃபிளாஷ் நினைவகத்தில். டெல்நெட் கடவுச்சொல்லையும் மறையாக்கமின்றி அனுப்புவதால், பின்னாளில் எஸ்.எஸ்.எச். அதன் இடத்தைப் பிடித்தது.

எண்களின் காப்பாளர்

ஐ.பி. முகவரிகள், நெறிமுறை எண்கள், டொமைன் பெயர்கள் ஆகியவற்றை ஒதுக்கும் ஐயானா அமைப்பைப் போஸ்டலே நடத்தினார். இந்தியாவின் டாட் இன் பெயர் 1989 இல் பதிவானதும் இவரது காலத்திலேயே. உலகளாவிய வலையமைப்பின் பதிவேடு ஒருவரது பொறுப்பில் இருந்தது இன்று வியப்பளிக்கலாம்.

1998 சனவரியில், மூல வழங்கிகளை நடத்திய பன்னிரு அமைப்புகளுள் எட்டுக்கு இவர் மின்னஞ்சல் அனுப்பி, அரசு ஒப்பந்த நிறுவனத்தின் வழங்கிக்கு மாற்றாக ஐயானாவின் வழங்கியிலிருந்து தரவுகளைப் பெறுமாறு கேட்டார். அவர்களை வற்புறுத்தும் அதிகாரம் இவருக்கில்லை. எனினும் எட்டு அமைப்புகளும் இணங்கின. அமெரிக்க அரசு எதிர்க்கவே, இது சோதனை எனக் கூறிப் பழைய நிலைக்குத் திருப்பினார்.

இப்பொறுப்புகளை ஏற்க ஐகான் அமைப்பு அவ்வாண்டு செப்டம்பர் 30 இல் பதிவு செய்யப்பட்டது. பதினாறு நாட்களில், இதய நோயால் லாஸ் ஏஞ்சலசில் போஸ்டல் காலமானார்.