தவிட்டுக்கும் கணக்குப் பார்த்த ஆடிட்டர்

லண்டனில் படித்தவர். பம்பாயில் பெயர் பெற்ற ஆடிட்டர். கோட்டும் சூட்டும்தான் அவருடைய உடை.

அப்படிப்பட்டவர், அரிசி ஆலையில் உதிரும் தவிட்டைப் பார்த்துக் கவலைப்பட்டார். நாட்டின் செல்வம் அங்கேதான் வீணாகிறது என்றார்.

அவர்தான் ஜே. சி. குமரப்பா.

தஞ்சையில் பிறந்தவர்

1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் குமரப்பா பிறந்தார். அப்போது அவர் பெயர் ஜோசப் கொர்னேலியஸ்.

லண்டன் சென்று கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் தொழில் நடத்தினார். 1927-ல் அமெரிக்கா போனார். அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார்.

இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது? வெள்ளைக்கார சர்க்கார் வரிப்பணத்தை எப்படிச் செலவிடுகிறது? இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்.

அந்தக் கட்டுரை அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. 1929-ல் சபர்மதி ஆசிரமத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

கோட்டும் சூட்டும் போயின. கதர் வந்தது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டார். கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

காந்திக்கும் விலக்கு இல்லை

1934 ஜனவரியில் பீகாரில் பயங்கரப் பூகம்பம் ஏற்பட்டது. நிவாரண நிதியின் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது.

தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 3 அணாதான் என்று அவர் கட்டுப்பாடு வைத்தார்.

அந்த நேரத்தில் காந்தியடிகள் தம் கூட்டத்தாருடன் பாட்னாவுக்கு வந்தார். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அது பசித்தவர்களுக்காக வந்த பணம். அதில் யாருக்கும் சலுகை இல்லை என்பது அவர் கணக்கு. காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார்.

தவிட்டில் போகும் சத்து

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்திலிருந்து குமரப்பா அதை நடத்தினார்.

அங்கே அவர் சமையலறைக் கணக்கைக் கையில் எடுத்தார்.

நெல்லின் மேலே இருப்பது உமி. அது உண்ண உதவாது. அதற்கு அடுத்தது தவிடு. ஆலையில் அரிசியைப் பளபளவென்று தீட்டும்போது அந்தத் தவிடு போய்விடுகிறது. 100 கிலோ அரிசியை நன்றாகத் தீட்டினால், சுமார் 10 கிலோ குறைந்துவிடும்.

எடை மட்டுமா குறைகிறது? தவிட்டில்தான் பி-1 வைட்டமின் இருக்கிறது. தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு பெரிபெரி என்ற நோய் வரும். கால் மரத்துப்போகும். இருதயம் பலவீனமாகும். உயிரே போனதும் உண்டு.

ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், 1890-களில் கோழிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நோயில் விழுந்தன. தவிடு கொடுத்ததும் எழுந்து நடந்தன.

குமரப்பா கூட்டிக் கழித்துப் பார்த்தார். உணவு குறைகிறது. சத்து போகிறது. நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலியும் போகிறது. மூன்று நஷ்டம்! லாபம், அரிசியின் வெள்ளை நிறம் ஒன்றுதான்!

ஆகவே கைக்குத்தல் அரிசியைச் சாப்பிடச் சொன்னார். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் போதும் என்றார். குப்பையும் கழிவும் எருவாகி வயலுக்கே திரும்ப வேண்டும் என்றார்.

தேனீ சொன்ன பாடம்

ஆகஸ்டு போராட்டத்துக்குப் பின் குமரப்பா ஜபல்பூர் சிறையில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டுகளில்தான், 1943-ல், வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கான மக்கள் மடிந்தார்கள்.

சிறையில் அவர் நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1945-ல் வெளிவந்தது. அதில் தேனீயை உதாரணம் காட்டினார்.

தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கிறது. ஆனால் பூவைக் கெடுப்பதில்லை. மகரந்தத்தைச் சுமந்து சென்று, காய் காய்க்க உதவுகிறது. மனிதனும் பூமியிடம் அப்படித்தான் வாங்கி உண்ண வேண்டும். அள்ளித் தின்றுவிட்டு, பேரன் பேத்திக்கு வெறும் தரையை விட்டுப்போகக் கூடாது. இதுதான் அவர் கொள்கை.

கடைசிக் காலத்தில் மதுரைக்குப் பக்கத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30-ந் தேதி சென்னையில் காலமானார். காந்தியடிகள் மறைந்ததும் ஒரு ஜனவரி 30-ல்தான்.

நம் வீட்டுக் கணக்கு

குமரப்பா போட்ட கணக்கை நம் வீட்டிலும் போட்டுப் பார்க்கலாம்.

தீட்டாத அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால், நாளானால் சிக்கு வாடை வரும். சமைப்பதற்கு முன் நன்றாக ஊறவையுங்கள். தீட்டாத அரிசி பிடிக்காதவர்கள் புழுங்கல் அரிசியாவது வாங்கலாம். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்புப் போட்டுக் குடிக்கலாம். மிஞ்சிய சோற்றில் அன்றிரவே தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது. காய்கறித் தோல் செடிக்கு எரு.

இலையில் மிஞ்சும் சோறு கண்ணுக்குத் தெரியும். இலைக்கு வருமுன்பே வீணாவது தெரியாது. தெரியாத அந்த நஷ்டத்தைத்தான் தஞ்சாவூர் ஆடிட்டர் கண்டுபிடித்துச் சொன்னார்.