மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பார்த்த வாலிபர்!

நுங்கு வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா?

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் சிறுவர்கள் ஓட்டுவது. நுங்கு தின்ற பின் மிஞ்சும் காய் இரண்டு. நடுவே ஒரு குச்சி. தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. வண்டி தயார்!

அதை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆனால், செய்த பையனுக்கோ ரதம் ஓட்டுகிற சந்தோஷம்!

இந்தச் சந்தோஷத்தைக் கடைசி வரை விடாமல் அனுபவித்த ஒருவர் உண்டு. அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

சர்வர் வேலை

கோவை அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. படிப்பு பாதியில் நின்றது.

ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறது! அது எப்படி?

அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியவில்லை. கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். சம்பளத்தை மிச்சம் பிடித்து, அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார்!

திரும்ப மாட்ட முடியாவிட்டால் பாடுபட்டுச் சேர்த்த பணம் போச்சு. ஆனாலும் அவர் அஞ்சவில்லை. கழற்றியதையெல்லாம் மீண்டும் பொருத்தினார். அந்த வேலைக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. எந்திரத்தின் ரகசியம் தெரிந்ததே, அதுதான் கூலி!

கை கற்ற பாடம்

கைக்கு வந்த வித்தை வீண் போகவில்லை. 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். நாளடைவில் பெரிய பஸ் முதலாளி ஆனார். 1937-ல் மின்சார மோட்டார் தயாரிப்பில் பங்கு கொண்டார். சவர எந்திரம், பழரசம் பிழியும் கருவி என்று விதவிதமாகச் செய்தார்.

எல்லாமே லாபம் தந்துவிடவில்லை. 1952-ல் இரண்டு பேர் அமரும் சிறிய கார் ஒன்றை உருவாக்கினார். விலை ரூ.2,000 தான்! ஆனால் தயாரிக்க அனுமதி கிடைக்கவில்லை. கார் கடைக்கு வரவே இல்லை. அதற்காக அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். அப்போது வயது 80.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பழைய கடிகாரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடனே அடிக்கக் கை ஓங்காதீர்கள். திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கடிகாரம் ஓடாமல் போகலாம். பையனின் மூளை ஓடத் தொடங்கிவிடும்!